முதல் லாரியில் ஏறியவர்

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டீர்கள். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? மலைச் சரிவு, கொட்டும் மழை, மூன்று நாள் கண் மூடாமல் ரோட்டைத் திறந்தது, கடைசியில் எல்லோரும் கை தட்டியது. அந்த மாதிரிக் கதைகள் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. வழியனுப்பு விருந்துகளில் சொல்லிச் சொல்லி எனக்கே புளித்துப் போய்விட்டன. அவை வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. எங்கள் இலாகாவின் கோப்பு ஒன்றில், மலைப்பாதையில் ஒரு லாரி பள்ளத்தில் விழுந்ததற்குத் தங்கையா என்ற மேஸ்திரியின் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதியிருந்தார்கள். அது பொய். அதை அங்கே எழுத வைத்தவன் நான். அந்த மேஸ்திரி அதே விபத்தில் செத்துப் போனார், அதனால் அவர் வந்து மறுத்துச் சொல்ல வழியில்லை. மறுத்துச் சொல்ல வந்தவர் அவருடைய மனைவி. அவர் வாயையும் நான்தான் அடைத்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் பம்பாயில் ஓவர்சியர். வீடு மாட்டுங்காவில். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா, நான் டிப்ளமா படித்து இலாகாவுக்கு வந்தவன், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நகரத்து ரோடுகளோடு, மேட்டு நிலத்துக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு பகுதியும் எங்கள் பிரிவின் பொறுப்பு. காட் ரோடு என்போம். ஒவ்வொரு மழைக்கும் அது எங்கேயாவது சரியும். நாங்கள் போய் மண்ணை அள்ளி, ஓரத்தைக் கல்லால் கட்டித் திறந்து விடுவோம்.

என்னுடைய முதல் மேலதிகாரி ஒரு மராட்டியர், ஓய்வு பெற ஒரு வருஷமே பாக்கியிருந்தவர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது, எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாதது. சரிந்த ரோட்டைத் திறக்கலாம் என்று யார் கையெழுத்துப் போடுகிறாரோ, அவர்தான் கல் ஏற்றிய முதல் லாரியில், பள்ளத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்த இடத்தைக் கடக்க வேண்டும். அவர் குடையை மடக்கி முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு, மனைவி கட்டிக்கொடுத்த போளியைத் தின்றுகொண்டே போவார். ஒரு தடவை, “பயமாக இல்லையா சாகேப்?” என்று கேட்டுவிட்டேன்.

“பயமாக இருக்கிற அன்றைக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை” என்றார். வாயில் இருந்த போளியை மென்று முடித்த பிறகுதான் சொன்னார்.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் எங்கள் பிரிவில் அந்த வழக்கம் நின்றுவிடவில்லை. கூலியாட்கள் அதை விடவில்லை என்பதுதான் சரி. கையெழுத்துப் போட்ட ஆள் ஏறாத லாரியை அவர்கள் நகர விட மாட்டார்கள்.

கூலியாட்கள் என்றால் தாராவிக்காரர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முப்பது பேர், ஆணும் பெண்ணும். தங்கையா அவர்களுக்கு மேஸ்திரி. ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு பீடி. கல் அடுக்குவதில் கெட்டிக்காரர். கம்பி வலையால் பின்னிய கூடையில் பாறாங்கல்லை அடுக்கி ஓரம் கட்டுவார், ஆட்டிப் பார்த்தால் ஒரு கல்கூட அசையாது. பெரிய அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது. “இந்த மதராஸிகளை நீ பார்த்துக்கொள்” என்று என் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்கும் ஒன்றும் பெருமையாக இல்லை. ஆபீஸ் வேலைக் குடும்பத்துப் பிள்ளை நான், தாராவிப் பக்கம் காலை வைக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். அவர்களுக்கோ நான் ‘நம்ம சார்’. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கையாவின் மனைவி செல்லக்கனி. என் வயதுதான் இருக்கும். மற்றப் பெண்கள் கூடை சுமக்கும்போது அவருக்கு மட்டும் வேறு ஒரு வேலையும் உண்டு. தாராவியில் குயவர்கள் இருக்கும் பகுதியிலிருந்து பிசைந்த களிமண் ஓர் உருண்டை வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றித் தன்னோடு லாரியில் கொண்டுவருவார். மலையில் மண்ணுக்கா பஞ்சம் என்று முதலில் நான் கேலி செய்தேன். மலைச் செம்மண் தானாகவே வெடிக்கும் சார், அதை நம்பக் கூடாது என்றார். ரோட்டில் விரிசல் கண்ட இடத்தில், விரிசலுக்குக் குறுக்கே உள்ளங்கை அகலத்தில் அந்தக் களிமண்ணைப் பட்டையாக இழுத்துத் தடவுவார். மழை கரைக்காமல் இருக்க, மண்ணெண்ணெய் டின்னை இரண்டாகப் பிளந்து மேலே கவிழ்த்து வைப்பார். பட்டை முழுசாக இருந்தால் ரோடு நகரவில்லை. பட்டை வெடித்தால் அடியில் நிலம் நகர்கிறது. எல்லோரும் சாமானைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. என்னுடைய டிப்ளமாப் படிப்பில் இதைவிட எளிதான வழி ஒன்றும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த வருஷம் மழை தொடங்கும் முன்பே கடலில் புயல் கிளம்பிக் கரைக்கு வந்தது. பம்பாயில் மரங்கள் விழுந்தன, வடாலாவில் தண்ணீர் ஏறியது. மலையில், ஒரு வளைவில், ரோட்டின் பாதி அகலம் அப்படியே பள்ளத்தில் போய்விட்டது. மிச்சப் பாதியில் ஒரு லாரி போகலாம். இரண்டு பக்கமும் காய்கறி லாரியும் பால் வண்டியும் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றன. நாங்கள் போய் இறங்கினோம். தங்கையாவின் ஆட்கள் இரண்டு நாளில் கம்பிக்கூடைகளை அடுக்கி ஓரத்தைத் தாங்கிக் கட்டினார்கள். பிரமாதமான வேலை. ஆனால் மிஞ்சியிருந்த பாதி ரோட்டில், ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் உள்ளே, நீளவாக்கில் ஒரு விரிசல் இருந்தது. செல்லக்கனி அதன் குறுக்கே மூன்று இடத்தில் பட்டை வைத்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயர் ஜீப்பில் வந்து பார்த்தார். பழைய மேலதிகாரி போன பிறகு வந்தவர். நாளை மத்தியானம் ஒரு மந்திரி இந்த வழியாக மேலே போகிறார் என்றார். பன்னிரண்டு மணிக்கு ரோடு திறந்திருக்கும் என்று தான் போனில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். ஜீப்பில் ஏறிக்கொண்டே, “உன்னை நிரந்தரம் செய்யும் காகிதம் என் மேஜையில்தான் இருக்கிறது, தெரியுமல்லவா?” என்றார். மிரட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை எட்டரை மணி இருக்கும். தூறல். மலை முழுக்க மூட்டம். செல்லக்கனி என்னைக் கூப்பிட்டார். முதல் இரண்டு டின்னையும் தூக்கிக் காட்டினார், பட்டைகள் முழுசாக இருந்தன. மூன்றாவது டின்னைத் தூக்கினார். பட்டையின் நடுவில் நூல் மாதிரி ஒரு கோடு.

“வெடிச்சிருக்கு சார்” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். கோடு மெல்லியதுதான். ஆனால் இந்தக் கோடு இருக்கிறது என்று சொன்னால் ரோடு இன்றைக்குத் திறக்காது. ஒரு நாள் முழுக்கப் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். மந்திரி வேறு வழியில் போவார், எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயர் முகத்தில் கரி, என் காகிதம் மேஜையிலேயே கிடக்கும்.

“அது ஒண்ணுமில்லைம்மா. மண் காய்ஞ்சு வெடிச்சிருக்கு” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மூணு நாளா என் சேலையே காயல சார். இந்த மண்ணு மட்டும் காஞ்சிருமா?” என்றார்.

நீங்களே சொல்லுங்கள். முப்பது பேரும் மூன்று நாளாக நனைந்த துணியோடு நிற்கிறோம், தீப்பெட்டி பற்றவில்லை, என் டயரித் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. அந்த ஈரத்தில் மண் காயாது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கட்டை விரலை மழைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கோட்டின் மேல் தடவினேன். இரண்டு தடவலில் கோடு மறைந்தது. டின்னை நானே கவிழ்த்தேன். “போய் வேலையைப் பாருங்க, நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

செல்லக்கனி கூடையை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

பதினொரு மணிக்கு எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயர் வந்தார். டின்களைத் தூக்கிப் பார்த்தார். “மூன்றும் நன்றாக இருக்கிறதே” என்றார். ஜீப்பின் பானெட் மேல் காகிதத்தை வைத்து நான் கையெழுத்துப் போட்டேன். தூறலில் மை கொஞ்சம் பரவியது. கல் ஏற்றிய லாரி தயாராக நின்றது. வழக்கப்படி நான் போய்ப் பள்ளத்துப் பக்கத்துப் படியில் கால் வைத்தேன்.

“அங்கே என்ன செய்கிறாய்? காகிதத்தோடு வா, கீழே போலீஸ் சௌக்கிக்குப் போய் போன் பண்ண வேண்டும்” என்று ஜீப்பிலிருந்து அவர் கூப்பிட்டார். நான் இறங்கினேன். இறங்கும்போது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த நிம்மதி எனக்கு எதற்கு வந்தது என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும், எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். பயம் இல்லாதவனுக்கு நிம்மதி எதற்கு?

லாரி நகரவில்லை. ஆட்கள் வழியில் நின்று என்னையே பார்த்தார்கள். நான் ஜீப்பில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். அப்போது தங்கையா கீழேயிருந்து ஏறி வந்தார். செல்லக்கனி அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவரும் ஏதோ பதில் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு, நான் இறங்கிய அதே படியில் காலை வைத்து ஏறி உட்கார்ந்தார். டிரைவரிடம், அவன் பக்கத்துக் கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றாராம். இதைப் பிறகு அந்த டிரைவர்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னான்.

நான் வாயைத் திறக்கவில்லை. நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

லாரி மூன்றாவது டின் இருந்த இடத்துக்கு வந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. விரிசலுக்கு வெளியே இருந்த நிலம் ஒரு துண்டாகக் கீழே இறங்கியது, அதோடு லாரியும் சாய்ந்தது. தங்கையா கட்டிய கம்பிக்கூடைகள் உடையவில்லை. அடுக்கு குலையாமல் நிலத்தோடு சேர்ந்தே போயின. டிரைவர் திறந்த கதவு வழியாக மலைப் பக்கம் குதித்தான், கால் முறிந்தது, உயிர் தப்பியது. தங்கையாவைச் சாயங்காலம் மேலே கொண்டுவந்தோம். மந்திரி அன்று காலையிலேயே பயணத்தை ரத்து செய்துவிட்டாராம். அந்தச் செய்தி சௌக்கிக்கு வந்து, எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் கிடந்திருக்கிறது.

இதுவரை நடந்தது கோழைத்தனம். இனிமேல் நடந்தது துரோகம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பதினைந்து நாள் கழித்துப் பம்பாய் ஆபீசில் விசாரணை. வேறு பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அவருக்கு அன்று சாயங்காலம் ரயில். என் குறிப்பைப் படித்தார், எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயரின் குறிப்பைப் படித்தார். இரண்டிலும் பட்டைகள் முழுசாக இருந்தன. அப்படியானால் ஓரம் கட்டியதில்தான் கோளாறு என்று அவரே முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். கடைசியாகச் செல்லக்கனியைக் கூப்பிட்டார்கள். துணைக்கு வந்த கொழுந்தனார் வெளியே நின்றார், செல்லக்கனி தனியாக உள்ளே வந்தார். நாற்காலி போடச் சொன்னார் அதிகாரி. செல்லக்கனி உட்காரவில்லை. ஹிந்தியில் ஏதோ கேட்டுப் பார்த்தார் அதிகாரி. செல்லக்கனிக்குக் காய்கறி வாங்கும் ஹிந்திதான் தெரியும்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீயும் மதராஸிதானே? என்ன நடந்தது என்று கேட்டு எனக்கு இங்கிலீஷில் சொல்லு” என்றார்.

நான் கேட்டேன். செல்லக்கனி சொன்னார். அழவில்லை, அவசரப்படவில்லை. மூன்றாவது பட்டை வெடித்தது, என்னிடம் காட்டியது, நான் விரலால் தடவியது எல்லாவற்றையும் சொன்னார். என் முகத்தைப் பார்த்து, என்னையே ‘சார்’ என்று குறிப்பிட்டு, என்னிடமே சொன்னார். அதற்குப் பிறகு தன் கணவர் லாரியில் ஏறியதைப் பற்றியும் நாலைந்து வாக்கியம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அவரிடம் சொல்லுங்க சார் என்று அதிகாரியைக் கையால் காட்டினார்.

நான் இங்கிலீஷில் சொன்னது இது: ஓரம் கட்டும் வேலை முழுவதையும் தன் கணவரே பார்த்துக்கொண்டார், தனக்கு வேறு ஒன்றும் தெரியாது என்கிறார்.

“பாவம்” என்று அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். குனிந்த தலை நிமிரவில்லை. செல்லக்கனியின் கட்டை விரலை மையில் ஒற்றி அந்தக் காகிதத்தின் அடியில் வைத்தார்கள். மைப் பெட்டியை நான்தான் நீட்டினேன்.

அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது. வீட்டில் கேசரி கிளறி மாடி முழுக்கக் கொடுத்தார்கள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். பித்தம் என்றேன்.

விசாரணை முடிந்த அன்று இன்னொன்றும் நடந்தது. ஆபீஸ் வராந்தாவில் செல்லக்கனி எனக்காகக் காத்து நின்றார். என்னைத் தாண்டிப் போக வழியில்லை.

“நான் சொன்னதை அப்படியே சொன்னியளா சார்?” என்று கேட்டார்.

“சொன்னேம்மா” என்றேன்.

அவர் இரண்டு கையையும் கூப்பினார். “தன் மேல பழி வரும்னு தெரிஞ்சும் சொல்ல எம்புட்டுப் பேருக்கு மனசு வரும்? நீங்க நல்லா இருக்கணும்” என்றார். பக்கத்தில் நின்ற கொழுந்தனாரிடமும் அதையே சொன்னார்.

அதற்குப் பிறகு தாராவியில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது, தன் மேலேயே சாட்சி சொன்ன சார் என்று. தங்கையா இல்லாத அந்தக் கூட்டத்தை இலாகா பட்டியலிலிருந்து எடுக்கப் பார்த்தபோது நான் சண்டை போட்டு நிறுத்தினேன். ஒவ்வொரு மழைக்கும் அவர்களையே கூப்பிட்டேன். செல்லக்கனி மேஸ்திரியானார். மலையில் எங்கே போனாலும் எனக்கு முதல் டீ வரும், உட்கார முதல் கல் எனக்குத்தான். புதிதாக வந்த ஆட்களிடம் என்னைக் காட்டி, இவுகதான் அந்த சார் என்பார்கள். நான் டீயைக் குடிப்பேன். பத்து வருஷத்துக்கு மேல் குடித்தேன், மானங்கெட்டவன்.

நான் அதற்குப் பிறகு ஒரு பட்டையைக்கூடத் தடவவில்லை, கையெழுத்துப் போட்ட ஒரு லாரியில்கூட ஏறாமல் இருக்கவில்லை. நல்ல எஞ்சினீயர் என்று பெயர் வாங்கினேன், பதவி உயர்வும் வந்தது. இதைச் சொன்னால், பார்த்தாயா, தவறிலிருந்து கற்றுக்கொண்டார் என்று தலையாட்டுவீர்கள். ஆட்டாதீர்கள். நான் கற்றுக்கொள்வதற்கு இன்னொருவன் செத்தான், அவன் பெயரும் கெட்டது. அந்தக் கணக்கில் எனக்குப் படிப்பு வேண்டியதில்லை.

ஓய்வு பெற்றுச் செம்பூரில் குடியேறிய பிறகு ஒரு நாள், காலை டிபன் முடித்த கையோடு பஸ் ஏறி சயானில் இறங்கி, தாராவிக்குள் நடந்தேன். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். செல்லக்கனிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். பாயை விரித்து உட்காரச் சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை, பொய் சொன்னேன் என்றேன்.

“தெரியும் சார்” என்றார்.

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

“நான் பேசி முடிச்சதும் நீங்க ஏதோ சொன்னிய. அந்த ஆபீசர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலியே. நான் சொன்னதை நீங்க சொல்லியிருந்தா ஒரு தடவையாவது உங்க மூஞ்சியைப் பார்த்திருக்க மாட்டாரா? குனிஞ்ச தலை நிமிராம எழுதுனாரு. அப்பவே தெரிஞ்சு போச்சு.”

“அப்புறம் எதுக்கு வராந்தாவில கையெடுத்துக் கும்பிட்டீங்க?”

“முப்பது பேரு சார். மேஸ்திரி போயாச்சு. உங்களை வைஞ்சா அவுகளுக்கு மறுநாள் வேலை கிடைக்குமா? நல்லவருன்னு நாலு பேரு முன்னாடி சொல்லி வச்சா, உங்களால அதை விட்டு இறங்க முடியாதுன்னு நெனச்சேன். நீங்களும் இறங்கல. வேலை குடுத்திய.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எனக்கு மட்டும் அது இனிப்பாவா இருந்துச்சு? வருசா வருசம் உங்களுக்கு டீயைக் குடுக்கையில என் கை கூசும்.”

என்னை மன்னிக்க வேண்டும் என்று ஏதோ உளறினேன். அவருக்குக் கோபம் வந்தது. அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் கோபத்தை நான் பார்த்தேன்.

“எங்கிட்ட வந்து சொல்லி என்ன சார்? எனக்குத் தெரியாத சங்கதியா? அந்தக் காயிதத்துல இன்னும் எங்க வீட்டுக்காரவுக பேருல்லா இருக்கு. அதுக்கு அடியில என் கைநாட்டுல்லா இருக்கு. முடிஞ்சா அதைப் போய் மாத்துங்க.”

எழுதினேன். எல்லாவற்றையும் விவரமாக எழுதி, கையெழுத்துப் போட்டு இலாகாவுக்கு அனுப்பினேன். மூன்று தடவை நினைவூட்டினேன். கடைசியில் இரண்டு வரியில் பதில் வந்தது. அவ்வளவு பழைய கோப்புகள் கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன, எனவே மேல் நடவடிக்கைக்கு இடமில்லை என்று. பொய்யை எழுதி வைக்க இடம் இருந்தது, அடித்துவிட்டுத் திருத்த மட்டும் இடமில்லை. அந்தக் கடிதத்தைச் செல்லக்கனியிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை ஒரு சொல்கூட விடாமல் தமிழில் சொன்னேன். சரி சார் என்றார்.

ஆகவே நீங்கள் கேட்ட நாலு பக்கத்தை நான் இதற்கு எடுத்துக்கொண்டேன். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. வெடித்த பட்டையைத் தடவாதீர்கள், கையெழுத்துப் போட்டால் ஏறுங்கள், ஏறப் பயமாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இதெல்லாம் அந்தப் போளி தின்ற மனிதர் எனக்குச் சொன்னதுதான், கேட்டுக்கொண்டும் நான் இதைச் செய்தேன். நீங்கள் மட்டும் கேட்டுத் திருந்திவிடுவீர்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு மொழிபெயர்ப்பு என்னிடம் பாக்கி இருக்கிறது, அதை மட்டும் செய்துவிடுகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியும், அதனால் வேறு மொழியில் மாற்ற வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த அறையில் செல்லக்கனி சொன்னது, முழுசாக, அவர் வாயில் வந்தபடியே:

“மூணாவது பட்டை வெடிச்சிருந்துச்சு. நான் காமிச்சேன், சார் வெரலால தடவிட்டாவ. நான் ஓடிப் போயி எங்க வீட்டுக்காரவுககிட்ட சொன்னேன். லாரியில ஏறாதிய, அது போயிரும்னு கையைப் பிடிச்சேன். அவுக சொன்னாவ, ‘சார் கையெழுத்துப் போட்டுட்டு இறங்கிட்டாரு, எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காவ. யாருமே ஏறலைன்னா அவருக்கு அவமானமாப் போயிரும். நம்ம சாருல்லா’ன்னு. சொல்லிட்டு ஏறிட்டாவ.”